சம வாய்ப்புக் குழு, தரைத்தளம்

கரும்புக்கடை, கோவை
9-6-2024

அன்புத் தம்பி ஷாநவாஸுக்கு அக்கா உம்மல் குல்சும் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் அல்லாஹ் கிருபையால் சுகம். நீயும் ஹுமேராவும் வால்பாறை மழையில் சளி பிடிக்காமல், அட்டை கடிக்காமல் இருக்கிறீர்களா என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று நாலு தடவை சொல்வாய், அதற்குள் உன் எஸ்டேட்டில் டவர் போய்விடும். தவிர, முப்பத்து மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் குப்பை கொட்டியவளுக்கு எழுத்தில் இல்லாத எதன் மேலும் நம்பிக்கை வராது.

கேள் இந்தக் கூத்தை. டிசம்பரில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் பணியாளர்களுக்கென்று சம வாய்ப்புக் கொள்கை ஒன்று வேண்டுமாம். அதை எழுத ஒரு குழு. அந்தக் குழுவுக்குச் செயலாளர் யார்? நான். என்னைக் கேட்டார்களா? சுற்றறிக்கை என் மேசைக்கு வந்தபோதுதான் எனக்கே தெரியும். பெண், சிறுபான்மை, மாற்றுத்திறனாளி என்று மூன்று கட்டத்துக்கும் ஒரே ஆளை வைத்து டிக் அடித்துவிட்டார்கள்.

குழு கூடுவது இரண்டாம் மாடியில். லிஃப்ட் போட்டு ஏழு மாதமாகிறது. திறந்துவைக்கப் பெரிய மனிதர் யாரும் தேதி கொடுக்காததால் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. இரும்புக் காலிப்பர் மாட்டிய காலோடு நாற்பத்திரண்டு படி ஏறுவதா என்று துணைப் பதிவாளர் லட்சுமணசாமியிடம் கேட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, நீங்க எதுக்குங்க அம்மணி சிரமப்படறீங்க? நாங்க கூட்டத்தை முடிச்சுப்போட்டு, குறிப்பைக் கீழ குடுத்து உடறோமுங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமுங்க." இதுவரை இரண்டு கூட்டம் நடந்திருக்கிறது. செயலாளர் இரண்டுக்கும் போகவில்லை. கொள்கையை மட்டும் ராத்திரி உட்கார்ந்து நான் எழுதுகிறேன்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. அன்னூரில் உள்ள எங்கள் மையத்தில் கண்காணிப்பாளர் இடம் காலி. பணி மூப்பில் முதல் பெயர் என்னுடையது. 2027 மே மாதம் எனக்கு ஓய்வு. உதவியாளராகவே வீட்டுக்குப் போய்விடுவேனோ என்று எவ்வளவு நாள் கவலைப்பட்டுக் கிடந்தேன், உனக்குத் தெரியும். அடுத்த மாதம் பட்டியல் வருகிறது. துஆ செய்.

வஸ்ஸலாம்.
குல்சும்


வால்பாறை
25-6-2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். மச்சானுக்கு எங்கள் ஸலாம்.

இங்கே பத்து நாளாக ஓயாத மழை. ஃபேக்டரியில் மோட்டார் ஒன்று புகைந்துவிட்டது, எலக்ட்ரீஷியன் நான் ஒருவன்தான். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். ஹுமேரா யூகலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறாள். முழங்காலுக்கு மேல் காலிப்பர் பட்டை அழுத்தும் இடத்தில் தடவ வேண்டாம், சுற்றித் தடவுங்கள்.

அன்னூர் என்றால் காந்திபுரம் போய் வேறு பஸ் பிடிக்க வேண்டுமே அக்கா. இப்போது இருக்கும் இடத்தில் எல்லோரும் உங்களிடம் மரியாதையாகத்தானே இருக்கிறார்கள்? கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தம்பி
ஷாநவாஸ்


கரும்புக்கடை
14-7-2024

அன்புத் தம்பிக்கு, ஸலாம். உடம்பு நன்றாக இருக்கிறது, மண்டைதான் கொதிக்கிறது. தைலம் வந்தது, ஹுமேராவுக்குச் சொல்லிவிடு.

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. எனக்கு அடுத்த இடத்தில் இருந்த அந்தோணிராஜ் பெயர் இருக்கிறது. பாவம், அந்தப் பையனே வெலவெலத்துப்போய் என்னிடம் வந்தான். "அக்கா, நீங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னு செக்சன்ல சொல்றாங்க. ஏனுங்கக்கா அப்படிச் செஞ்சீங்க?" என்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பதவி உயர்வைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு அந்த ஆளின் பெயரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மீதி இருப்பது இரண்டு வருடம் பத்து மாதம். கணக்கு உனக்கே தெரியும்.

லட்சுமணசாமியிடம் போனேன். எழுந்து நின்றார், நாற்காலி இழுத்துப் போட்டார், மோர் வரவழைத்தார். எல்லாம் செய்தார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. "எல்லாம் உங்க நல்லதுக்குத்தானுங்க அம்மணி. ஃபைல்ல உங்க எழுத்து இருக்குதுங்க." எந்த எழுத்து? காட்டுங்கள் என்றால், "அதெல்லாம் எதுக்குங்க இப்ப, மோர் குடிங்க" என்கிறார். கோபமாகப் பேசுகிறவனிடம் நானும் கத்திவிடுவேன். இப்படி "ங்க, ங்க" என்று குழைகிறவரை என்ன செய்வது, சொல்!

அன்று மாலையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டேன். நான் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தின் நகல் வேண்டும். யார் எழுதினார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

குல்சும்


வால்பாறை
30-7-2024

அன்பு அக்காவுக்கு, ஸலாம். சுகமாக இருக்கிறோம். ஹுமேராவுக்கு மட்டும் இருமல்.

உங்கள் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். அந்தோணிராஜ் நல்ல பையன் என்று நீங்களே சொல்வீர்கள். மனுப் போட்டால் மேலதிகாரிகளுக்கு மனக்கசப்புத்தான் வரும். முப்பத்து மூன்று வருடம் நல்ல பெயர் எடுத்துவிட்டு, கடைசியில் எதற்கு? வாபஸ் வாங்கிவிட்டால் நல்லது என்று எனக்குப் படுகிறது. யோசித்துப் பாருங்கள்.

மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை.

ஷாநவாஸ்


கரும்புக்கடை
25-8-2024

ஷாநவாஸ்,

ஸலாம். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நகல் வந்தது. ஒரே பக்கம். "எனது உடல்நிலை காரணமாகப் பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." தேதி 16-4-2024. பெருநாளுக்கு வந்த நீ, அந்த வாரம் ஒரு நாள் காலையில் "சும்மா காந்திபுரம் வரைக்கும்" என்று சொல்லிவிட்டு மத்தியானச் சோற்றுக்குத்தான் வந்தாய்.

உன் எழுத்து எனக்குத் தெரியாதா? உனக்கு ஸ்லேட்டில் எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். பேனாவை அழுத்திய அழுத்தம் ஜெராக்ஸில்கூடத் தெரிகிறது. கடைசியில் கையெழுத்தை மட்டும் என்னுடையதைப் போலப் போட்டுப் பார்த்திருக்கிறாய். சகிக்கவில்லை.

போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்கவில்லை, கவனித்தாயா? என் பெயரில் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், சொந்தத் தம்பி முதலில் கேட்க வேண்டியது "யாருக்கா அவன்?" என்றுதானே? நீ ரோட்டில் மண் சரிந்ததை எழுதினாய்.

வயிறு எரிகிறது ஷாநவாஸ். வேறு யாராவது செய்திருந்தால் இந்நேரம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பதில் எழுது.

குல்சும்


கரும்புக்கடை
15-9-2024

ஷாநவாஸுக்கு ஸலாம்.

மூன்று வாரம் ஆயிற்று. உன் போன் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்கிறது. டவர் இல்லையா, நீ இல்லையா?

நான் சம வாய்ப்புக் குழுவுக்குப் புகார் எழுதிவிட்டேன். குழுவுக்கு வரும் தபாலைப் பிரித்துப் பதிவது செயலாளர் வேலை. ஆக, நானே எழுதி, நானே பிரித்து, நானே வரவு எண் 1 என்று பதிந்து, பெற்றுக்கொண்டதற்கு எனக்கே ரசீதும் கொடுத்தேன். அந்தோணிராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். அந்தத் துறப்புக் கடிதத்தை எழுதியவர் பெயரைப் புகாரில் இன்னும் போடவில்லை. போட வைக்காதே.

குல்சும்


வால்பாறை
29-9-2024

அக்காவுக்கு, ஸலாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

நான்தான் எழுதினேன்.

பெருநாள் ராத்திரி விருந்தாளி எல்லாம் போன பிறகு நீங்கள் காலிப்பரைக் கழற்றினீர்கள். அந்தப் பட்டையில் ரத்தம் ஒட்டியிருந்தது. அடுத்த நாளும் அதே புண்ணின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. லிஃப்டையாவது திறந்து விடுங்கள் என்று கேட்கத்தான் லட்சுமணசாமி சாரைப் பார்க்கப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "லிஃப்ட் நம்ம கையில இல்லீங்க. இதுல அக்காவுக்கு அன்னூர் வேற வருதுங்க. அவங்களக் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, உழுந்து எந்திரிச்சாவது போவாங்க. ஊட்டுல இருந்து நீங்க ஒரு எழுத்துக் குடுத்துட்டீங்கன்னா, ரிட்டயர் ஆகற வரைக்கும் கீழயே வெச்சுக்கறோமுங்க" என்றார். பேப்பரும் அவரே கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன். மச்சானிடம் அன்றே சொன்னேன், அவரும் நல்லதுதான் என்றார்.

அத்தா மவுத்தாகிற அன்று "அக்காவைப் பார்த்துக்கடா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். பார்த்துக்கொள்வதாக நினைத்துத்தான் செய்தேன். ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் உங்களைச் சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்தவன் நான். உங்கள் கால் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாதா?

என் மேல் வழக்குப் போட்டால் எஸ்டேட்டில் வேலை போய்விடும். அதனால்தான் இவ்வளவு நாள் பேனாவைத் தொடவில்லை. மன்னித்துவிடுங்கள். இதோடு விட்டுவிடுங்களேன்.

ஷாநவாஸ்


கரும்புக்கடை
6-10-2024

தம்பி,

ஸலாம். ஹுமேராவின் இருமல் நின்றதா? உன் மச்சானைக் கேட்காதே, அவரோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. சோற்றை மட்டும் வைக்கிறேன். ஒரே வீட்டில் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார், மனுஷன்!

பார்த்துக்கொள் என்றுதானே அத்தா சொன்னார்? எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடு என்றா சொன்னார்? சைக்கிள் மிதித்தவன் நீ, நான் மறுக்கவில்லை, ஆயுசுக்கும் மறக்கவும் மாட்டேன். பரீட்சை எழுதியவள் நான். வேலைக்குத் தேர்வானவள் நான். முப்பத்து மூன்று வருடம் அந்தக் காலோடு ஒரு நாள் தாமதமாகப் போகாதவள் நான்.

புண் இருந்தது, உண்மை. நீ பார்த்ததை நானும்தான் பார்த்தேன். வலி என்னுடையது, அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டியதும் நான். எழுதிக் கொடுக்கும் முன் வீட்டுக்கு வந்து "அக்கா, அன்னூர் போவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க உனக்கு நாக்கு வரவில்லையே! மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிற முன்பின் தெரியாதவரிடம் போய் என் காலைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

விட மாட்டேன். நடந்ததை அப்படியே எழுதிக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. பேப்பர் கொடுத்தது யார் என்பதையும் எழுது. வழக்கு வராது என்று நான் உறுதி சொல்ல முடியாது. பேப்பர் கொடுத்தவரும் மாட்டுவார் என்பதால் வராது என்று நினைக்கிறேன். பயமாக இருந்தால் அனுப்பாதே. உன் பெயரை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன், அன்னூரும் போக மாட்டேன், உதவியாளராகவே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உன் இஷ்டம். பார், நான் உன்னைக் கேட்கிறேன்.

குல்சும்


பதிவுத் தபால்
வால்பாறை
27-10-2024

பெறுநர்: செயலாளர், சம வாய்ப்புக் குழு

ஐயா / அம்மையீர், வணக்கம். 16-4-2024 தேதியிட்ட பதவி உயர்வுத் துறப்புக் கடிதத்தைத் திருமதி உம்மல் குல்சும் எழுதவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அவருடைய தம்பியாகிய நான், அவருக்குத் தெரியாமல், துணைப் பதிவாளர் அறையில், துணைப் பதிவாளர் கொடுத்த தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது. எந்த விசாரணைக்கும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு
மு. ஷாநவாஸ்

அக்கா, இதை நீங்கள்தான் பிரிப்பீர்கள் என்று தெரியும். நாளைக் காலையில் பஸ் நிலையத் தபாலாபீஸில் முதல் ஆளாகக் கொடுத்துவிடுவேன். கால் எப்படி இருக்கிறது?


கரும்புக்கடை
17-11-2024

அன்புத் தம்பிக்கு, ஸலாம். நலம். உன் மச்சானும் நலம், பேச ஆரம்பித்துவிட்டேன்.

உன் தபாலைப் பிரித்து வரவு எண் 2 போட்டேன். பிறகு சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன். கூட்டத்தின் தேதியையும் இடத்தையும் செயலாளர் முடிவு செய்வார் என்று இருக்கிறது. அட, இவ்வளவு நாள் இது என் கண்ணில் படவில்லையே! அறிவிப்பு அடித்தேன். இடம்: தேர்வுப் பிரிவு, தரைத்தளம், செயலாளரின் மேசை.

ஏழு பேர் இறங்கி வந்தார்கள். எங்கள் பிரிவில் உபரியாக நாலு நாற்காலிதான். பேராசிரியர் இரண்டு பேர் விடைத்தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். லட்சுமணசாமி நின்றார். "இங்க எதுக்குங்க அம்மணி, எல்லாத்துக்கும் சிரமமுங்க" என்றார். "சிரமந்தானுங்க சார். உட்காருங்க, மோர் வரச் சொல்றேன்" என்றேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். தாள் கொடுத்தவர் பற்றிய வரி வந்தபோது நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். லட்சுமணசாமி வேர்த்துக்கொட்டி, "நல்ல எண்ணத்துல செஞ்சதுங்க. கேஸ் கீஸ்னு போக வேண்டாமுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "சார், முப்பத்து மூணு வருசமா எனக்கு யாரும் கெடுதல் செஞ்சதில்லைங்க. நல்லது செஞ்சே இங்கயே உட்கார வெச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். 

துறப்புக் கடிதம் செல்லாது, பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் ஆகிவிட்டது. உன் மேல் நடவடிக்கை இல்லை. அந்தோணிராஜுக்கு மார்ச்சில் காலியாகும் இடம் உறுதி. முதல் ஆளாகக் கை தூக்கியவன் அவன்தான், குழுவில் இல்லாதவனுக்கு ஓட்டுக் கிடையாது என்று சொல்லி இறக்கினோம்.

ஆனால் ஆணை இன்னும் வரவில்லை. ஃபைல் "கருத்துக் கேட்பில்" இருக்கிறதாம். யாருடைய கருத்து, என்ன கேட்பு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இவர்களோடு மாரடித்து முடியவில்லை.

குல்சும்


வால்பாறை
8-12-2024

அன்பு அக்காவுக்கு, ஸலாம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, இருவரும் நலம்.

அந்தக் கருத்துக் கேட்பு யாரிடம் என்று கண்டுபிடித்துவிட்டேன். என்னிடம்தான். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "தங்கள் சகோதரி திருமதி உம்மல் குல்சும் அவர்களை அன்னூர் மையத்தில் பணியமர்த்துவதில் குடும்பத்தாருக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." கீழே லட்சுமணசாமி சாரின் கையெழுத்து. இத்தனைக்கும் பிறகு என்னைக் கேட்கிறார்கள் அக்கா!

ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதினால் ஆணை வந்துவிடும், உங்களுக்கும் சீக்கிரம் முடியும் என்று பேனாவை எடுத்தேன். பாதி எழுதியதும் இதுவும் அதே வேலைதானே என்று தோன்றிக் கிழித்துப் போட்டேன். பிறகு இப்படி எழுதினேன்:

"ஐயா, இதில் நான் ஆட்சேபிக்கவோ சம்மதிக்கவோ ஒன்றும் இல்லை. திருமதி உம்மல் குல்சும் உங்கள் அலுவலகத்தில் தரைத்தளத்தில் முப்பத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறார். தயவுசெய்து இறங்கிப் போய் அவரைக் கேளுங்கள்."

இதனால் ஆணை தாமதமானால் என்னைத் திட்டுங்கள். நானும் இதுவரை கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அன்னூர் போகிறீர்களா அக்கா?

ஷாநவாஸ்


கரும்புக்கடை
21-12-2024

என் அன்புத் தம்பி ஷாநவாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். கால் வலிக்கிறது. நீ கேட்டதால் சொல்கிறேன்.

தரமதிப்பீட்டுக் குழு வந்துவிட்டுப் போயிற்று. என் கொள்கையைப் பார்த்து அருமை என்றார்களாம். மேலேயிருந்து யாரோ வந்து சொன்னார்கள். லிஃப்டை அவர்களுக்காகத் திறந்தார்கள், அவர்கள் போன மறுநாள் ரிப்பேர். சொல்லி மாளாது.

நேற்று மத்தியானம் லட்சுமணசாமி கையில் ஃபைலோடு என் மேசைக்கு வந்தார். அறைக்குக் கூப்பிடவில்லை, அவரே வந்தார். நின்றபடி ஃபைலைத் திறந்தார், மூடினார். மனுஷனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அம்மணி," என்றார், "அன்னூர் போறீங்களா?"

முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. என் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது, குனிந்து லெட்ஜரைப் புரட்டுகிற மாதிரி சமாளித்தேன். பிரிவே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தோணிராஜ் "சொல்லுங்கக்கா, சொல்லுங்கக்கா" என்று சைகை காட்டுகிறான். பஸ் நேரம்கூட எனக்கு மனப்பாடம். காந்திபுரம் வரை உன் மச்சான் ஸ்கூட்டரில் விடுவதாக ஏற்பாடும் ஆகிவிட்டது.

நான் நிமிர்ந்து, "யோசிச்சுச் சொல்றேனுங்க சார்" என்றேன்.

திங்கட்கிழமை வரை யோசிப்பேன்.

வஸ்ஸலாம்.
உன் அக்கா
உம்மல் குல்சும்